என் பைக்குள் போன கறண்ட்

போன கிழமை, பனையில் ஏறத் தெரியாத நான் மின்கம்பத்தில் ஏறக் கற்றுக்கொண்ட கதையை எழுதியிருந்தேன். வாசித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். இந்தக் கிழமை சிரிப்பு கொஞ்சம் குறையும். குறைய வேண்டும் என்று ஒருவர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். அவர் யாரென்று பின்னால் வரும்.

நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வருகிற கடைசிப் படகில் இருந்தேன். தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று. படகு ஓர் அலையில் ஏறி அடுத்த அலையில் விழும்; என் வயிறு மட்டும் முதல் அலையிலேயே நின்றுவிடும். நான் புங்குடுதீவு இறுப்பிட்டியில் பிறந்தவன். எந்தப் பக்கம் நடந்தாலும் கடலில்தான் முடியும். இருந்தும் கடலுக்கு என்னைப்போலப் பயந்த ஒருவனைத் தீவுப்பகுதி இன்னும் பெற்றெடுக்கவில்லை.

பக்கத்தில் ஒரு அக்கா. இரண்டு கோழிகளை உமல் என்கிற பனையோலைப் பைக்குள் போட்டு மடியில் வைத்திருந்தார். தலைகள் மட்டும் வெளியே.

"தம்பிக்குச் சத்தி வருகுதோ?"

"இல்லை அக்கா."

"வரும். முகத்திலை எழுதிக் கிடக்கு. அங்கால திரும்பி இரும். கோழிக்கு மேலை எடுத்துப் போடாதையும்."

வாயைத் துடைக்க லேஞ்சியை எடுக்கலாம் என்று காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன். லேஞ்சி வரவில்லை. வழுவழுப்பாக, கனமாக, என் தொடைச் சூட்டில் வெதுவெதுப்பாக ஏதோ தட்டுப்பட்டது. ஒன்று. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மற்றது.

கறண்ட் வேலை செய்கிறவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். பீங்கான் பியூஸ்.

நெடுந்தீவின் மேற்குப் பக்கத்து வீடுகளின் கறண்ட் முழுவதும் என் பைக்குள் இருந்தது. நான் நடுக்கடலில் இருந்தேன்.

வெட்டினவன் பை

இந்த வேலை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லைனில் கை வைப்பதென்றால் முதலில் ட்ரான்ஸ்போமரடியில் இருக்கிற மூன்று பியூசையும் கழற்ற வேண்டும். அதை வெட்டுவது என்போம். கழற்றினால் அந்தப் பகுதிக்குக் கறண்ட் இல்லை, கம்பியைத் தொடலாம். திரும்பப் பூட்டினால் கறண்ட் வரும். இவ்வளவுதான்.

கழற்றின பியூசை எங்கே வைப்பது என்பதில்தான் எங்கள் மின் ஊழியர் சங்கம் வருகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேலணைப் பக்கம் எங்களில் ஒருவர் பியூசுகளைக் கழற்றி ட்ரான்ஸ்போமரடியில் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்க் கம்பத்தில் ஏறினார். அந்த ஒழுங்கையில் இருந்த ஒரு மனிதருக்குத் தொலைக்காட்சி நாடகம் தொடங்கும் நேரம். நல்ல மனிதர், உதவி செய்கிற குணம். தானே போய் மூன்றையும் பூட்டிவிட்டார். கம்பத்தின் மேலே இருந்தவருக்கு உயிர் தப்பியது. வலக்கை தப்பவில்லை.

அதற்குப் பிறகு சங்கத்தின் தீவகக் கிளை கூடி விதி ஒன்று போட்டது. பியூசை வெட்டினவன் தன் பைக்குள்தான் அதை வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்ததும் அவனே போய்ப் பூட்ட வேண்டும். இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பக் கூடாது. பியூஸ் இல்லையென்று அந்த இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றிக் கறண்ட் கொடுக்கவும் கூடாது.

பல வருடங்களுக்குப் பிறகு நான் கிளைச் செயலாளரானேன். பழைய எழுத்து மங்கிவிட்டதென்று, கந்தோர் என்கிற எங்கள் அலுவலகச் சுவரில் தொங்கிய பலகையில் அந்த விதியைச் சிவப்பு மையால் மறுபடி எழுதினேன். என் கையெழுத்து வடிவானது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன்.

அன்றைக்கு நெடுந்தீவில் வேலை பெரிதல்ல. காற்றில் உடைந்த, கம்பியைத் தாங்குகிற ஒரு பீங்கான் குமிழை மாற்றுவதுதான். பியூசை வெட்டியவன் நான், ஏறியவன் நான். கீழே கயிறு பிடித்து நின்றவர் தவராசா. நாங்கள் தவம் என்போம். நெடுந்தீவுக்காரர், நாற்பது தாண்டியவர். பத்து வருடத்துக்கு மேலாக எங்களுடன் வேலை செய்கிறார், ஆனால் ஒப்பந்தத்தில். எங்கள் பேச்சில் கொந்திராத்து. நான் செய்கிற எல்லாம் அவரும் செய்வார், என்னைவிட விரைவாக. நியமனக் கடிதம் என்னிடம் இருந்தது, அவரிடம் இல்லை. எங்கள் இருவருக்கும் வித்தியாசம் அந்தத் தாள்தான். அந்த வருடம் நிரந்தரமாக்குகிறவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. வயதெல்லை தாண்டுவதற்குள் வந்த பட்டியல்.

குமிழை மாற்றி இறங்கினேன். அந்நேரம் படகில் வேலை செய்கிற ஒருவர் கைபேசியில் கூப்பிட்டார். காற்று ஏறுகிறதாம். படகு நேரத்துக்கு முந்தி வெளிக்கிடப் போகிறதாம்.

நான் இறங்குதுறைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

"அண்ணை, பியூசைப் பூட்டிப்போட்டுப் போங்கோ," என்றார் தவம். "பத்து நிமிசம்தானே."

"பத்து நிமிசத்திலை கடல் மலையாய் எழும்பியிடும் காணும்! நீர் பூட்டும்!"

"நானோ? நீங்களெல்லோ வெட்டினனீங்கள்."

"என்னைக் கடலிலை சாகடிக்கப் போறீரோ? பூட்டும் எண்டு சொல்லுறன்!"

எதிரே வந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளின் பின்னால் பாய்ந்து ஏறினேன். பலகையில் எழுதியவன் தான் எழுதியதை அந்த இடத்திலேயே மீறினான். பூட்டுகிற பொறுப்பைத் தவத்திடம் கொடுத்தேன். பூட்டவேண்டிய சாமானைக் கொடுக்க மறந்தேன்.

வாய் முந்திக்கொண்டது

பைக்குள் கையை வைத்தபடி இருக்கவே கைபேசி அடித்தது.

"அண்ணை, பியூஸ் காணேல்லை. உங்கட பைக்கை கிடக்கோ பாருங்கோ."

இந்த இடத்தை நான் பல தரம் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். "ஓம் தவம், இஞ்ச கிடக்கு, நான் ஒரு விசரன்" என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒரு கிழமைக்கு எல்லோரும் என்னை வைத்துப் பகிடி பண்ணியிருப்பார்கள். அவ்வளவுதான். பகிடிக்கு நான் பழகினவன்.

ஆனால் பகிடி விடுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு. தன்னைத் தானே பகிடி பண்ணுவான். மற்றவர்கள் பண்ண விடமாட்டான். செயலாளர் தன் விதியைத் தானே மீறினார் என்று ஊர் சிரிப்பது என் கண்ணுக்கு முன்னால் வந்தது. வாய் முந்திக்கொண்டது.

"என்ர பைக்கை இல்லையே. ட்ரான்ஸ்போமரடியிலை, அந்தக் கல்மதிலுக்கு மேலை வைச்சனான். வடிவாய்ப் பாரும்."

கல்லுக்கு மேல் வைத்துத்தான் ஒருவருடைய கை போனது. எனக்கு வேறு பொய்கூட வரவில்லை.

"மதிலுக்கு மேலையோ?" தவத்தின் குரலில் சந்தேகம். பிறகு மரியாதை அதை மூடிவிட்டது. "சரி அண்ணை, பாக்கிறன்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் நெற்றி வியர்த்திருந்தது. மடியிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறி என்னிடம் நீட்டினார்.

"மணந்து பாரும் தம்பி. எல்லாம் சரியாய்ப் போயிடும்."

மணந்தேன். சரியாகவில்லை.

குறிகட்டுவானில் இறங்கியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இறங்கினேன். கூப்பிட்டேன். கேட்டது என்ன தெரியுமா? "கிடைச்சதோ தவம்?"

"இல்லை அண்ணை. கல்லிடுக்கிலை விழுந்திருக்கும் எண்டு மதிலைக் கழட்டிப் பாக்கிறம். சனமும் கூடீட்டுது. மீனவர் சங்கத்துப் பெரிய ஐஸ்பெட்டியிலை மீன் கிடக்காம். ஒரு கம்பியைச் சுத்திக் கறண்டைக் குடும் எண்டு நெருக்குகினம். ஏலாது எண்டு போட்டன். சங்கம் பலகையிலை எழுதி வைச்சிருக்கு எண்டு சொன்னன்."

என் வடிவான கையெழுத்து.

"நல்லது தவம்," என்றேன். "நான் வேலணையிலை புதுசு எடுத்துக்கொண்டு விடிய முதல் படகிலை வாறன்."

பற்பசை

புதிதாக எடுப்பதென்றால் களஞ்சியத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். என்ன காரணம் எழுதுவது? ஆகவே பைக்குள் இருந்தவையே புதியவை ஆகவேண்டியதாயிற்று.

வீட்டுக் கிணற்றடியில் குந்தி இருந்து மூன்று பியூசையும் தேய்த்தேன். சாம்பல் போட்டேன், போகவில்லை. என் மனைவியின் பற்பசையை எடுத்து, என் பழைய பற்தூரிகையால் மினுக்கினேன். அவள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"உதென்ன கோதாரி? ஆற்ற பல்லு உது?"

"கந்தோர்ச் சாமான்."

"கந்தோரிலை இப்ப பியூசுக்கும் பல்லு விளக்குகினமோ?"

வேறு நாள் என்றால் இதற்கு ஒரு மறுமொழி சொல்லியிருப்பேன். அன்றைக்குத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேளாமல் போய்விட்டாள்.

விடிய, பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியோடு முதல் படகு. நெடுந்தீவு இறங்குதுறையில் நாலைந்து பேர் எனக்காக நின்றார்கள். கடலுக்குப் பயந்த மனிதர், சோளகத்திலும் எங்களுக்காக வந்துவிட்டார் என்று மீனவர் சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பை நிறையக் கணவாய்க் கருவாடு தந்தார். வேண்டாம் என்று சொல்லவும் வெட்கம், வாங்கவும் வெட்கம். வாங்கினேன்.

ட்ரான்ஸ்போமரடிக்குப் போனேன். அங்கே கல்மதிலைக் காணவில்லை. நெடுந்தீவில் மதிலென்பது சாந்து பூசாமல் கடற்கல்லை அடுக்குவது. ஒரு காணியின் ஒரு பக்கம் முழுவதையும் தவம் கல் கல்லாகக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். அந்த இடைவெளியால் ஒரு மாடு உள்ளே போய் யாரோ நட்ட கத்தரிக்கன்றுகளைத் தின்றுகொண்டிருந்தது. தவத்தின் விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருந்தன.

பொதியை நீட்டினேன். பிரித்தார். ஒன்றை எடுத்து, கைபிடியின் உட்பக்கத்தைப் பெருவிரலால் தடவினார். நானும் அப்போதுதான் பார்த்தேன். அங்கே ஆணியால் கீறிய சின்னக் கோடு ஒன்று. எந்தக் கம்பிக்கு எந்தப் பியூஸ் என்று தெரிவதற்காக அவரே எப்போதோ கீறியிருக்கிறார். பற்பசைக்கு அது போகவில்லை.

மூக்கருகே கொண்டுபோனார்.

"பற்பசை மணக்குது அண்ணை," என்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க.

நான் கடலைப் பார்த்தேன். அங்கிருந்து கடல் தெரியாது. இருந்தும் அந்தப் பக்கம் பார்த்தேன்.

அவர் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பூட்டினார். வீடுகளிலிருந்து சத்தம் எழும்பியது. யாரோ வானொலியை நிறுத்தாமலே விட்டிருக்கிறார்கள். அது பாட்டின் நடுவிலிருந்து கத்தத் தொடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு.

நான் பேசிய பேச்சு

ஐஸ்பெட்டியில் இருந்த மீன் பழுதாகிவிட்டது. மீனவர் சங்கம் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதியது. என்னைப் பாராட்டி இரண்டு வரி. பியூசைத் தொலைத்த கொந்திராத்துக்காரரின் கவனக்குறைவைப் பற்றி ஒரு பக்கம்.

வேலணைக் கந்தோரில் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் பொறியியலாளர். நாங்கள் சேர் என்போம். இந்தப் பக்கம் சங்கத் தலைவர் பாலா அண்ணை, செயலாளர் நான், ஓரக் கதிரையில் தவம். கொந்திராத்து ஆட்கள் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. இருந்தும் மனிதாபிமானத்தில் அவருக்காகப் பேசச் சங்கம் முன்வந்தது. பேசச் சொன்னது என்னை. பியூசை வெட்டியதும் தவம்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்; நான் திருத்தவில்லை.

வாசகர்களே, நான் நன்றாகப் பேசினேன்.

"சேர், மனுசருக்கு மறதி வாறதுதான். நான் ஒருநாள் கண்ணாடியை மூக்கிலை போட்டுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடினனான். நல்லகாலம், தேடேக்கை கண்ணாடி போட்டிருந்தபடியால் வடிவாய்த் தேட ஏலுமாய் இருந்தது."

சேர் சிரித்தார். பாலா அண்ணை மேசையில் தட்டிச் சிரித்தார். நான் விடவில்லை. பத்து வருட உழைப்பு, குடும்பம், பள்ளிக்கூடம் போகிற மகள், எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். ஒரு பிழைக்காக ஒரு மனிதரின் வேலையைப் பறிக்கலாமா என்று கேட்டபோது என் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

தவம் எழும்பினார். "சேர், நான் துலைக்கேல்லை."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். எனக்காக ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதற்குள் போகவில்லை.

"பதட்டத்திலை சொல்லுறார் சேர்," என்றேன். "இரும் தவம், நான் கதைக்கிறன்."

அவர் இருந்தார்.

"அப்ப, அவர்தான் துலைச்சது எண்டு சங்கமும் ஒத்துக்கொள்ளுது," என்று சேர் எழுதிக்கொண்டார். பாலா அண்ணை கையெழுத்து வைத்தார்.

தீர்ப்பு இலேசானது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. அந்த முறைப் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம்.

"ஆளின்ர வேலையைக் காப்பாத்திப் போட்டாய் குணம்," என்று பாலா அண்ணை என் பெயர் சொல்லி முதுகில் தட்டினார்.

வெளியே பைப்படியில் தவம் முகம் கழுவிக்கொண்டு நின்றார். தப்பிப் போகலாம் என்று பார்த்தேன், கண்டுவிட்டார்.

"நல்லாய்க் கதைச்சனீங்கள் அண்ணை," என்றார். நக்கல் இல்லை. நக்கல் இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

திறப்பு

சில மாதங்கள் போயின. மறுபடி நெடுந்தீவில் வேலை. தவத்துக்குக் காய்ச்சல் என்று அறிந்து, பார்க்கப் போனேன். அவர் வீட்டை நான் முன்பு கண்டதில்லை. சந்திக் கடையில் வழி கேட்டேன்.

"எந்தத் தவராசா? பியூஸ் துலைச்சவரோ?" என்று கடைக்காரர் கேட்டார். பகைமையாக அல்ல. அடையாளத்துக்காக. ஒரு ஊரில் இரண்டு தவராசாக்கள் இருந்தால் இப்படித்தானே பிரித்துச் சொல்ல வேண்டும்.

வீட்டில் தவம் சாக்குக் கட்டிலில் போர்த்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் மனைவி தேத்தண்ணீர் தந்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கோயில் களஞ்சிய அறைப் பூட்டின்ர திறப்பு இவரிட்டைத்தான் கிடந்தது. இவற்ற அப்பா காலத்திலை இருந்தே எங்கட வீட்டிலை. இந்த முறை திருவிழாவுக்கு முதல் வந்து வாங்கிக்கொண்டு போட்டினம். கொஞ்ச நாளைக்கு வேறை ஆளிட்டைக் கிடக்கட்டுமாம்."

"விடப்பா," என்றார் தவம் போர்வைக்குள்ளிருந்து.

"நான் ஆரையும் குறை சொல்லேல்லை. சும்மா சொன்னனான்."

தேத்தண்ணீருக்குள் சீனி நிறையப் போட்டிருந்தார். விருந்தினருக்குப் போடுவதுபோல. அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் எடுத்தது.

சாட்டியில் கூழ்

எங்கள் கிளையின் வருடாந்தப் பொதுக்கூட்டம் சாட்டிக் கடற்கரையில் நடக்கும். மரநிழலில் கூட்டம், பிறகு பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சுகிற ஒடியற்கூழ். கொந்திராத்து ஆட்களும் வருவார்கள். அவர்களுக்குக் கூழ் உண்டு, வாக்கு இல்லை. சொல்லப்போனால் கூழ் காய்ச்சுகிறவர்களே அவர்கள்தான். இதை நான் செயலாளராக இருந்த காலம் முழுவதும் கவனித்ததில்லை.

செயலாளரின் ஆண்டறிக்கை என்றால் எங்கள் ஆட்களுக்குத் திருவிழா நாடகம் மாதிரி. நான் எழும்பினாலே சிரிக்கத் தொடங்குவார்கள். அந்த வருடம் எழும்பினேன். அறிக்கைத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"தோழர்களே, நெடுந்தீவிலை காணாமல் போன மூண்டு பியூசும் என்ர காற்சட்டைப் பைக்கைதான் கிடந்தது."

வெடிச் சிரிப்பு.

"குணத்தார் தொடங்கீட்டார்!" என்றது ஒரு குரல்.

"உண்மையாய்ச் சொல்லுறன். படகிலை வரேக்கைதான் கண்டனான். பொய் சொல்லிப்போட்டன். வீட்டை கொண்டுபோய்ப் பற்பசை போட்டு மினுக்கினனான்."

இதற்கு ஒருவர் மணலில் விழுந்து புரண்டார். "என்ன பற்பசை அண்ணை? வேப்பம்பூவோ, கராம்போ?" என்று இன்னொருவர். பாலா அண்ணைக்குக் கண்ணால் தண்ணீர்.

நான் சொல்லச் சொல்லச் சிரிப்பு ஏறியது. இருபது வருடமாக இவர்களுக்கு நான் பழக்கிக் கொடுத்த சிரிப்பு. அதை எப்படி நிறுத்துவதென்று எனக்குத் தெரியவில்லை. நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன். அதுதான் எல்லாவற்றிலும் கேவலம்.

கூழ்ப்பானையடியில் தவம் அகப்பையைக் கீழே வைத்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்கு நடுவால் நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணை. பகிடி விடாமல்."

சிரிப்பு ஓரமாக அடங்கி, நடுவிலும் அடங்கியது. சொன்னேன். பற்பசையை விட்டுவிட்டுச் சொன்னேன். எடுத்தது நான். பொய் சொன்னது நான். விசாரணையில் தெரிந்துகொண்டே இவர் தலையில் போட்டது நான். நான் பேச, யாரும் சிரிக்காமல் இருந்தது அதுவே முதல் தரம்.

"என்னடா சொல்லுறாய்?" பாலா அண்ணை எழும்பினார். முகம் கறுத்துவிட்டது. "அப்ப நான் வைச்ச கையெழுத்து? நீ பேய்க்காட்டினது இவனை மட்டுமோ, என்னையுமெல்லோ!"

அன்றைக்குக் கூழ் ஆறிப்போயிற்று.

அடுத்த நாள் சேரிடம் எழுத்தில் கொடுத்தேன். எனக்குத் தண்டனைக் கடிதம் வந்தது. செயலாளர் பதவியை விட்டேன். தவத்தின் எச்சரிக்கைக் கடிதத்தை மீளப் பெற்றார்கள். பட்டியல் மட்டும் கொழும்புக்குப் போய் முடிந்திருந்தது. தனியாகக் கடிதம் எழுதியிருப்பதாகச் சேர் சொல்கிறார். வயதெல்லைக்கு முன் மறுமொழி வருமா என்று அவருக்கும் தெரியாது. இதை எழுதும்வரை வரவில்லை.

சங்கம் ஒப்பந்த ஆட்களையும் உறுப்பினராகச் சேர்க்கத் தீர்மானித்தது. விண்ணப்பத் தாளைத் தவத்திடம் நீட்டியபோது, "யோசிச்சுச் சொல்லுறன்" என்றாராம். இன்னும் யோசிக்கிறார்.

பேப்பர்

இந்தத் தொடரில் அவர் கதையை எழுதவா என்று போன மாதம் குறிகட்டுவான் இறங்குதுறையில் கேட்டேன். பெயரை மாற்றிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"ஏன் மாத்துறியள்?" என்றார். "நீங்கள் கந்தோருக்குக் குடுத்த கடிதம் கோப்புக்கை கிடக்குது. எங்கட ஊர் கோப்பு வாசிக்காது. பேப்பர் வாசிக்கும். என்ர பேரைப் போடுங்கோ."

எழுதிக்கொண்டுபோய்க் காட்டினேன். அவர் படகுக்கு நின்றார். நின்றபடியே முழுவதையும் வாசித்தார். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை. பேனையைக் கேட்டு வாங்கி, இரண்டு இடத்தில் வெட்டினார். இரண்டும் எனக்கு மிகவும் பிடித்த பகிடிகள்.

"நீங்கள் உங்களை நக்கலடிச்சு எழுதினால் சனம் உங்களிலை இரக்கப்படும் அண்ணை. 'பாவம், பயந்த மனுசன்' எண்டு சொல்லும். என்னை மறந்துபோடும்."

தாளையும் பேனையையும் திருப்பி வாங்கினேன்.

"கடைசியிலை நான் சொல்லுறதை அப்பிடியே எழுதுங்கோ," என்றார். படகின் இயந்திரம் இரைந்தது. அவர் உரத்துச் சொல்ல, நான் தாளை முழங்காலில் வைத்து எழுதினேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. இதோ:

நெடுந்தீவு மேற்கில் இருக்கிற தவராசா பியூசைத் துலைக்கவில்லை. அது ஒரு நாளும் துலையவில்லை. இதை எழுதுகிறவரின் பைக்குள் இருந்தது. அது அவருக்குத் தெரியும். தவராசாவுக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.